பதவி அவருக்கு, ஆண்டு இருவருக்கும்

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் முடிந்ததும் நம் சிறு நகரங்களின் கல்யாண மண்டபங்கள் காற்றாடத் தொடங்கிவிடும். ஆடியில் யாரும் தாலி கட்டுவதில்லை. அப்போது மண்டபக்காரர்களைக் காப்பாற்றுவது சேவைச் சங்கங்களின் பதவியேற்பு விழாக்கள்தான். ரோட்டரிக்கும் அரிமா சங்கத்துக்கும் ஆண்டு பிறப்பது ஜூலை 1 அன்று. ஜூன் கடைசியில் தொடங்கி ஆடி முடியும்வரை, மேளம் மட்டும் இல்லாத கல்யாணங்கள் மண்டபம் மண்டபமாக நடக்கும். வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு. மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள், பின்னால் ஆளுயர பிளெக்ஸ் பேனர். கீழே பந்தி. மாலையும் கழுத்துமாக நிற்கும் தம்பதிகள் மட்டும் ஐம்பதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள்.

அப்படியொரு மேடையில் செயலாளரின் மனைவியாக நானும் நின்றிருக்கிறேன். எந்தச் சங்கம் என்பது வேண்டாம். எங்கள் தென்மாவட்டங்களில் எல்லாச் சங்கத்திலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். என் வீட்டுக்காரருக்கு இரும்புக் கடை, எனக்குப் பள்ளிக்கூட உத்தியோகம். ஒரு டிசம்பர் இரவு சங்கக் கூட்டம் முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, “வர்ற ஜூலையிலேர்ந்து நான்தான் செகரட்டரி. எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க” என்றார். அந்த எல்லாருக்குள் நான் இல்லை. ஆனால் அந்த முடிவால் யாருடைய ஞாயிற்றுக்கிழமைகள் போகப்போகின்றன என்று பார்த்தால், அவருக்கு அடுத்தபடி என்னுடையவைதான். பதவியேற்பு மேடையில் மனைவிக்குக் கிடைப்பது ஒரு பூங்கொத்து. பதவிக்காலத்தில் அவள் தலையில் விழுவது ஒரு வருட வேலை. இந்தக் கணக்கை நேராக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அதற்கு முன் அந்த விழாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. நம் நாட்டில் நாற்காலியிலிருந்து தானாக எழுந்திருப்பது அரிய காரியம். சாதிச் சங்கம், குடியிருப்போர் சங்கம், கோயில் திருப்பணிக் கமிட்டி என எதை எடுத்தாலும் தலைவர் என்றால் ஆயுள் தலைவர்தான். எழுப்புவதற்கு நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். இங்கே காலண்டர் எழுப்பிவிடுகிறது. ஜூன் 30 இரவு வரை தலைவர், விடிந்தால் முன்னாள் தலைவர். ஊரில் எவ்வளவு பெரிய புள்ளியானாலும், முந்தைய தலைவர்களின் பெயர் பொறித்த தகடுகள் கோத்த ‘காலரை’த் தன் கையாலேயே கழற்றி அடுத்தவர் கழுத்தில் மாட்டி, மணியையும் சுத்தியலையும் ஒப்படைத்துவிட்டு இறங்கியாக வேண்டும். ஆதியிலிருந்தே இப்படித்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடி ரோட்டரியைத் தொடங்கினார். தொடங்கியவர் அவர், முதல் தலைவரோ நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல். ஹாரிஸின் முறை பிறகுதான் வந்தது. கட்சியைத் தொடங்கியவரே கடைசிவரை தலைவர் என்று பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

ஓராண்டுப் பதவிக்கு ஒரு நோயும் உண்டு. போன தலைவர் கட்டிக்கொடுத்த பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று இந்தத் தலைவர் போய்ப் பார்ப்பதில்லை. அவருக்கு அவர் பெயரில் ஒரு கல்வெட்டு வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

விழாவுக்கு வருவோம். அழைப்பிதழில் மாலை 6.30 என்று இருக்கும். பதவிப் பிரமாணம் செய்துவைக்க வருபவர் மண்டபத்துக்குள் நுழையும்போது ஏழரை ஆகியிருக்கும். அழைப்பிதழைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டும். பெயர்களுக்குப் பின்னும் முன்னும் பி.பி., பி.டி.ஜி., பி.எச்.எஃப்., எம்.ஜே.எஃப். என்று எழுத்துகள் அணிவகுக்கும். முதல் இரண்டும் முன்னாள் பதவிகள். அடுத்தவை நன்கொடையால் வந்த பட்டங்கள்: ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 டாலர் கொடுத்தவர் பால் ஹாரிஸ் ஃபெலோ, அரிமா அறக்கட்டளைக்கு அதே 1,000 டாலர் கொடுத்தவர் மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ. மனைவி பெயரில் அந்தத் தொகையைக் கட்டி அவருக்கும் பட்டம் வாங்கித் தரும் கணவர்கள் உண்டு. பட்டம் வந்த விஷயம் அந்த அம்மாவுக்கு மேடையில்தான் தெரியவரும்.

தமிழ்த்தாய் வாழ்த்தும் இறைவணக்கமும் ஆனதும் வரவேற்புரை. மேடையில் உள்ள எல்லாரையும் பட்டங்களோடு விளிக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வருடம் முழுக்க மனத்தாங்கல். அடுத்துப் பேசுபவரும் முதலிலிருந்து விளிப்பார். பழைய செயலாளரின் ஆண்டறிக்கை, பதவிப் பிரமாணம், காலர் மாற்றம், ஏற்புரை, புதிய உறுப்பினர் சேர்ப்பு, சங்க இதழ் வெளியீடு, வாழ்த்துரைகள், நலத்திட்ட உதவிகள், நன்றியுரை, நாட்டுப்பண். கடைசியில் சாப்பாடு. சங்கத்து பாஷையில் அதற்கு ‘ஃபெலோஷிப்’ என்று பெயர்.

மனைவிகளின் இடம் காலர் மாற்றத்துக்கு அடுத்து வரும். தொகுப்பாளர் புதிய நிர்வாகிகளை ஒவ்வொருவராகத் தம்பதி சமேதராக மேடைக்கு அழைப்பார். ரோட்டரியில் மனைவிக்கு ‘ஆன்’ என்று பெயர், பிள்ளைகளுக்கு ‘ஆனட்’, தலைவரின் மனைவிக்கு ‘ஃபர்ஸ்ட் லேடி’. அரிமாவில் ‘லயன் லேடி’. வீட்டுக்கு வந்தால் “மதினி” என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர்கள் மைக்கைப் பிடித்ததும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். நான் ஏறினேன். கணவரின் சட்டையில் பின் குத்தினார்கள். என் கையில் கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்தைக் கொடுத்தார்கள். “மேடம், இங்க பாருங்க” என்றார் போட்டோக்காரர். பார்த்தேன், இறங்கினேன். என்னைப் பற்றிச் சொல்லப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்: செயலாளரின் வெற்றிக்குப் பின்னால் நிற்பவர். பதவியையே அவர் அப்போதுதான் ஏற்றிருந்தார். அதற்குள் வெற்றி எங்கிருந்து வந்தது என்று கேட்க என்னிடம் மைக் இல்லை.

அந்த மாலையில் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். சிறு நகரத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பெண் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, இரவு பத்து மணி வரை வெளியே இருந்து, சொந்தக்காரர் அல்லாத குடும்பங்களோடு பேசிச் சிரிக்க வாய்ப்புள்ள இடங்கள் குறைவு. நகைக்கடைக்காரர் வீட்டம்மாவும் தாலுகா ஆபீஸ் ஊழியரின் மனைவியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பிள்ளைகளின் நீட் கோச்சிங் பற்றிப் பேசுவது நம் ஊரில் வேறெங்கு நடக்கும்? எனக்கு நெருங்கிய சிநேகிதிகள் சிலர் இந்த வழியாகத்தான் கிடைத்தார்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

என்னை உறுத்தியது வேறு. மேடையிலிருந்து இறங்கியபோது முன்வரிசை நிரம்பியிருந்தது. ஓரமாக, நலத்திட்ட உதவி பெற வந்தவர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தை. தையல் மெஷின் வாங்க வந்தவர். ஐந்து மணிக்கே வந்துவிடச் சொன்னார்களாம். அவர் ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பதே காலுக்கு. மணி எட்டரை, மேடையில் இன்னும் வாழ்த்துரை வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் எழுந்து மேடையோரம் போய், “என்னங்க, அந்தப் பிள்ளைக்கு மொதல்ல குடுத்து அனுப்பிருங்களேன்” என்றேன். அவர் நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். “புரோட்டோகால்னு ஒண்ணு இருக்கும்மா” என்றார் பக்கத்திலிருந்த மூத்த உறுப்பினர். சிறப்பு விருந்தினர் கையால்தான் கொடுக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் கடைசியில்தான் பேசுவார். பேசி முடித்த பிறகுதான் கொடுப்பார்.

பஸ் போய்விட்டது. ஒன்பதரைக்கு அந்த மெஷினின் மேல் வரிசையாகக் கைகள் படிந்தன. மறுநாள் வந்த படத்தில் வாங்கியவரின் முகம் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி தெரிந்தது. அவ்வளவு கனத்தை அவர் பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவார் என்று அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை. எங்கள் கடை லோடு ஆட்டோவில் மெஷினையும் தாயையும் பிள்ளையையும் ஏற்றி அனுப்பினோம். அன்றைக்குக் கொடுத்தது இரண்டு தையல் மெஷின், ஒரு மூன்று சக்கர வண்டி. அன்று போர்த்திய பொன்னாடைகளையும் கொடுத்த நினைவுப் பரிசுகளையும் விலை போட்டால் இன்னும் இரண்டு மெஷின் வந்திருக்கும். கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு தானாக ஓடிவிடுகிறது. மேடையில் அமர்ந்திருப்பவர்களுக்கு மண்டபத்தின் ஓரம் தெரியாது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் சொன்னால் கேட்க வழியும் இல்லை.

என் உண்மையான பதவியேற்பு மறுநாள் காலையில் போன் மணியோடு நடந்தது. “மதினி, அண்ணன் இருக்காகளா?” வியாபார நேரத்தில் அவர் எடுக்கமாட்டார் என்று தெரிந்தவர்கள் நேராக என் எண்ணுக்கு வந்துவிடுவார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு, பேச வருபவர் சைவமா அசைவமா, போன மாதம் கட்டிய சந்தாவுக்கு ரசீது எங்கே? எங்கள் முன்னறை சங்கத்தின் குடோன் ஆயிற்று. மாணவர்களுக்கு வந்த புத்தகப் பைகள், ஹெல்மெட் பெட்டிகள், சுருட்டிய பேனர்கள், உறை பிரிக்காத ஒரு சக்கர நாற்காலி. விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்ல அந்தச் சக்கர நாற்காலிதான் மிச்சமிருந்தது.

சந்தாக் கதை தனி. ரோட்டரி சங்கங்கள் ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய தேதிகளில் பட்டியலில் உள்ள உறுப்பினர்களைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு உலகத் தலைமையகத்துக்குக் கட்ட வேண்டும். கட்டாதவர் பெயரை அதற்குள் நீக்கிவிடலாம்தான்; ஆனால் நாளைக்குக் கடைவீதியில் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எந்தச் சங்கமானாலும் செயலாளரோ பொருளாளரோ பேசாமல் தன் கையிலிருந்து போட்டுவிடுவார். கை அவருடையது, பணம் வீட்டுடையது.

முகாம் நாட்களில் வேலை இன்னும் தெளிவாகத் தெரியும். 1925-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் பாடுபட முன்வருமாறு கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளின் நீட்சி இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கும் கண் சிகிச்சை முகாம் வரை வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வேன் காலையில் வரும். அதற்குள் பெஞ்சு போட வேண்டும், டோக்கன் எழுத வேண்டும், வெறும் வயிற்றோடு கிளம்பிவந்த பெரியவர்களுக்கு இட்லிப் பொட்டலம் கட்ட வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வான பாட்டியின் வீட்டுக்குப் போன் போட்டு, “ஆத்தா இன்னைக்கு வரமாட்டாக, பயப்படாதீக” என்று சொல்ல வேண்டும். இந்த வேலையில் பாதிக்கு மேல் மனைவிகளும் பிள்ளைகளும் செய்வது. போலியோவிலும் அப்படித்தான். ரோட்டரி 1985-இல் தொடங்கிய ‘போலியோ பிளஸ்’ திட்டம் இந்த இயக்கத்தின் ஆகப் பெரிய சாதனை. இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்கு அந்த நோய் வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றது என்ற சான்று கிடைத்தது. சொட்டு மருந்து ஞாயிறுகளில் பேருந்து நிலையத்தில் நின்று குழந்தைகளின் சுண்டு விரலில் மை வைத்தவர்களில் பலர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்ல. உறுப்பினர் வீட்டுப் பெண்கள்.

பிறகு கவர்னர் விசிட். ராஜ்பவன்காரர் அல்ல, பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்த மாவட்டத்துக்கு அந்த ஆண்டுத் தலைவர். அவரும் துணைவியோடுதான் வருவார். அவர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் நேரத்தில் அந்த அம்மாவை எங்கள் ஊர்க் கோயிலுக்கும் சேலைக் கடைக்கும் கூட்டிப்போவது தலைவர், செயலாளர் மனைவிகளின் கடமை. எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “வருஷம் பூரா இதே காரு, இதே பொக்கே, எல்லா ஊர்லயும் கேசரி” என்று சிரித்தார். என் வேலை ஓர் ஊரோடு நின்றது. அவருக்கு ஒரு மாவட்டம்.

ஜூனில் ஆண்டறிக்கை எழுதும் நேரம் வந்தது. என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரில் அடித்தது நான். அதில் முகாமுக்குப் பந்தல் போட்டவர் பெயர் இருந்தது, தண்ணீர் கேன் உபயம் செய்தவர் பெயர் இருந்தது. இட்லி கட்டியவர்கள் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது; அவர் கையில் இருந்தது போன வருட அறிக்கை, அதிலும் இல்லை.

ரோட்டரி சங்கங்களின் கூட்டங்களில் நால்வழிச் சோதனை என்று ஒன்றை வாசிப்பார்கள். 1932-இல் சிகாகோவில் திவாலாகும் நிலையில் இருந்த ஒரு பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் எழுதிய நான்கு கேள்விகள். பின்னாளில் ரோட்டரி அதைத் தனதாக்கிக்கொண்டது. அதில் இரண்டாவது, செய்யும் காரியம் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நியாயமானதா என்று கேட்பது. நிர்வாகி ஆகும் முடிவில் அவர் மனைவி சம்பந்தப்பட்டவரா இல்லையா? இல்லை என்றால் மேடைக்கு ஏன் ஏற்றுகிறீர்கள்? ஆம் என்றால் கேட்டீர்களா?

மனைவிகள் இந்த இயக்கத்துக்குள் வந்த கதையே கொஞ்சம் விசித்திரமானது. 1914-இல் சான் பிரான்சிஸ்கோ ரோட்டரிக்காரர்கள் ஹூஸ்டன் மாநாட்டுக்குத் தனி ரயிலில் கிளம்பினார்கள். வழியில் லாஸ் ஏஞ்சலஸ் வரும்வரை அதில் இருந்த ஒரே பெண், ப்ரு பிரன்னியர் என்பவரின் மனைவி ஆன். ‘ரோட்டரி ஆன்’ என்று வேடிக்கையாக அழைத்தார்கள். ஹூஸ்டனில் இறங்கினால் பிலடெல்பியாவிலிருந்து வந்திருந்த கை கண்டேக்கரின் மனைவி பெயரும் ஆன். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு கணவர்களும் பின்னாளில் உலகத் தலைவர்கள் ஆனார்கள். அந்த இரண்டு பெண்களின் பெயர், எங்கள் ஊர் முத்துலட்சுமிக்கும் மாரியம்மாளுக்கும் ஒரு வருடப் பெயராகி, இன்றும் அழைப்பிதழில் அச்சாகிறது.

பால் ஹாரிஸின் மனைவி ஜீன் எடின்பரோவில் பிறந்தவர். 1910-இல் கல்யாணம். சிகாகோவில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு எத்தனையோ நாட்டு ரோட்டரிக்காரர்கள் வந்து போனார்கள். கணவரோடு உலகம் சுற்றியவர் அவர். 1947-இல் ஹாரிஸ் இறந்த பிறகு ஜீன் சொந்த நாட்டுக்குத் திரும்பி, 1963-இல் காலமானார். கடைசிவரை அவரால் உறுப்பினராக முடியவில்லை, ஏனென்றால் பெண்களுக்கு அங்கே இடமில்லை. இதை மாற்றக் குரல் கொடுத்தவர்களில் நம் பக்கத்தவர்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. விதியில் ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று 1950-இல் இந்தியாவின் ஒரு சங்கம் தீர்மானம் அனுப்பியது. ஜீன் இறந்த மறு வருடம், 1964-இல், இலங்கையின் ஒரு சங்கம் பெண்களைச் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவந்தது. அதைத் திரும்பப் பெறச் செய்துவிட்டார்கள். 1977-இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்தது. அடுத்த ஆண்டே சங்கத்தின் அங்கீகாரம் பறிபோனது. அவர்கள் வழக்காடி, 1987 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அந்த வருடமே அதே சங்கத்தில் சில்வியா விட்லாக் என்ற பள்ளித் தலைமையாசிரியை தலைவரானார். 1989-இல் உலகெங்கும் கதவு திறந்தது. அரிமா 1987-லேயே திறந்துவிட்டது. 2018-இல் அரிமாவுக்கும் 2022-இல் ரோட்டரிக்கும் உலகத் தலைவராகப் பெண்கள் வந்தார்கள்.

கதவு திறந்தபின் நம் மேடைகளில் என்ன மாறியது? பக்கத்து ஊரில் ஒரு பெண் டாக்டர் தலைவரானபோது அந்த விழாவுக்கும் போயிருந்தேன். தம்பதி சமேதராக அழைத்தார்கள். டாக்டரின் கணவர் கையில் பூங்கொத்தைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பொன்னாடை போர்த்தி, “சார் ரெண்டு வார்த்தை பேசுவார்” என்று மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வார்த்தை கால் மணி நேரம் நீடித்தது. மனைவிக்குத் தான் எவ்வளவு சுதந்திரம் கொடுத்திருக்கிறேன் என்று விளக்கினார். மண்டபம் கை தட்டியது. அவரும் ஒரு துணைதான், நானும் ஒரு துணைதான். அவர் பேசலாம், நான் பேசக் கூடாது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதவில்லை. எழுதாமலே நடக்கிறது.

இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. தம்பதியாக அழைப்பது என்றால், தம்பதியாக இல்லாதவர்களை என்ன செய்வது? எங்கள் வட்டாரத்தில் ஒரு முன்னாள் தலைவர் திடீரென்று இறந்துபோனார். அவர் மனைவி வருடக்கணக்காக முகாம்களுக்குச் சமைத்தவர்; எந்தக் கிராமத்தில் யாருக்குக் கண்புரை என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். சங்கம் துக்கத்துக்கு வந்தது, பெரிய மாலை போட்டது, இரங்கல் தீர்மானம் போட்டது. அடுத்த ஜூலையில் அழைப்பிதழ் வரவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. முகவரிப் பட்டியல் உறுப்பினர் பெயரில் இருந்தது, உறுப்பினர் இறந்ததும் வரி நீங்கிவிட்டது. அழைத்திருந்தாலும் குத்துவிளக்கேற்றக் கூப்பிட்டிருப்பார்களா என்பது நம் ஊரில் கேட்கவே தேவையில்லாத கேள்வி. தன் பெயரில் உறுப்பினராக இருந்திருந்தால் அவர் நிலை இதுவாக இருந்திருக்காது. கணவர் வழியாக வந்த இடம் கணவரோடு போய்விடுகிறது.

“இன்னர் வீல் இருக்கே” என்பார்கள். இருக்கிறது, மதிக்கிறேன். மார்கரெட் கோல்டிங் என்ற செவிலியர் மான்செஸ்டரில் 1923 நவம்பரில் ரோட்டரிக்காரர் வீட்டுப் பெண்களை ஒரு குளியல் விடுதியில் கூட்டிப் பேசி, 1924 ஜனவரி 10 அன்று தொடங்கிய அமைப்பு அது. பெண்களே தலைவர், பெண்களே பொருளாளர். அவர்கள் கையில் அவர்கள் கணக்கு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் சங்கத்துச் செயலாளரின் மனைவி இன்னர் வீலில் இருந்தாலும் சங்கத்தின் போன் அவளுக்குத்தான் வரும். ஒரு வேலைக்கு இரண்டு வேலை ஆகிறதே தவிர, முதல் வேலை குறைவதில்லை.

பெண்களே உறுப்பினராகச் சேரத் தயங்குகிறார்கள் என்பதும் ஓரளவு உண்மை. ஒரே வீட்டில் இரண்டு சந்தா எதற்கு என்று முதலில் கேட்பது நாங்கள்தான். அப்படியானால் சங்கங்கள் அந்தச் சந்தாவைக் குறைக்கலாம். ஒரு விழாவின் பொன்னாடைச் செலவு சில பெண்களின் ஆண்டுச் சந்தாவுக்குத் தாராளமாகக் காணும். சேர விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். அவர் செய்த வேலையை மட்டும் ஆண்டறிக்கையில் அவர் பெயரோடு எழுதுங்கள். “குடும்பத்தினர் ஒத்துழைப்புடன்” என்று எழுதித் தப்பிக்காதீர்கள். மேடைக்கு அழைத்தால் மைக்கையும் கொடுங்கள். பேசப் பிடிக்காதவர் வேண்டாம் என்று சொல்லிக்கொள்வார். உறுப்பினர் இறந்துபோனாலும் அவர் மனைவியின் பெயரை அழைப்புப் பட்டியலில் வையுங்கள். நலத்திட்ட உதவியை விழாவின் முதல் நிகழ்ச்சியாக வையுங்கள், சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் அவரில்லாமலே கொடுத்து அனுப்புங்கள். வாங்க வந்தவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு யார் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நிர்வாகியாகப் போகிறவர் வீட்டில் கேட்க வேண்டும். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்போது, “உன் பேருக்கு இனிஷியல் என்ன போடட்டும்?” என்று கேட்பது கேட்டதாகாது. மனைவி நிர்வாகியாகும் வீட்டில் கணவரிடமும் இதையே கேட்க வேண்டும். இட்லிப் பொட்டலம் கட்ட அவருக்கும் கை இருக்கிறது. அடுத்த ஆண்டின் நிர்வாகிகளை டிசம்பர் 31-க்குள் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்பது ரோட்டரி சங்கங்களின் விதி. உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தால், அந்தக் கூட்டத்துக்குக் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.